கந்தோரிலிருந்து நாலாம் ஒழுங்கை

ஓவசியரிடம் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டால் அவர் அந்த வீட்டுக்கு நேரே போகமாட்டார். "பொறும், கந்தோரில இருந்து வெளிக்கிடுவம்" என்பார். ரெலிபோனின் இந்தப் பக்கம் நான் பேனையும் கையுமாகக் காத்திருப்பேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. மூன்றாம் வட்டாரத்தில் பரியாரியார் வீட்டுக்கு முன்னால் இருந்த மதகு எந்தத் தலைவர் காலத்தில் கட்டியது, அவ்வளவுதான். அவரோ கந்தோர் எனப்படும் கிராமசபை அலுவலக வாசலில் இறங்கி, வலது பக்கம் திரும்பி, சைக்கிள் கடையைத் தாண்டி, தண்ணீர்ப் பந்தலடியில் ஒரு நிமிஷம் நின்று, ஒவ்வொரு வீட்டு வேலிப் படலையாகச் சொல்லிக்கொண்டு, இருபது நிமிஷம் கழித்து மதகடிக்கு வந்து சேருவார். இடையில் மறித்து, "அண்ணை, நேரா மதகுக்குப் போங்கோவன்" என்றால் தடம் மாறிவிடும். திரும்பவும் கந்தோரிலிருந்து தொடங்குவார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் பத்து வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்த விஷயங்களெல்லாம் அவருடைய காலடியில் சும்மா கிடந்தன. அதை எப்படிப் பொறுப்பது.

எங்கள் பக்கத்து ஆறு வட்டாரங்களையும் ஆண்டது ஒரு கிராமசபை. ஆண்டது என்பது பெரிய சொல். வேலிகளுக்கு நடுவே ஓடுகிற ஒழுங்கைக்குக் கல்லும் மண்ணும் போடுவது, பொதுக்கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது, சந்தையைக் கூட்டுவது, சந்திகளில் லாம்பு கொளுத்துவது, சைக்கிளுக்கும் நாய்க்கும் லைசன்ஸ் தகடு கொடுப்பது, இவ்வளவுதான் அதன் ராச்சியம். எண்பதுகளின் தொடக்கத்தில் நாடு முழுக்கக் கிராமசபைகளைக் கலைத்தபோது எங்களுடையதும் கலைந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் சனமும் கலைந்தது. ராணுவம் வந்து இருந்துகொண்டதால் ஆறில் நாலு வட்டாரத்துக்கு ஒருவரும் திரும்பிப் போக முடியவில்லை. வீடுகளை இடித்து, வேலிகளைத் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே வெளியாக்கிவிட்டார்கள் என்று கதை வந்தது. ஒழுங்கை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லையாம்.

அந்த ஆறு வட்டாரத்துச் சனம் ஊரில் இருந்ததைவிட ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அதிகம். ஆகவே இங்கே ஒரு சங்கம், வருஷத்துக்கு ஒரு ஒன்றுகூடல், ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு சண்டை. ஒரு வருஷம் சண்டை முடிந்து சமாதானமான கையோடு, கிராமசபையின் வரலாற்றை ஒரு மலராகப் போடுவது என்று தீர்மானித்தார்கள். ஆசிரியர் நான். ஊரில் நான் சமூகக்கல்வி படிப்பித்தவன். இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த மேற்பார்வைப் பையன்களுக்கு என் பெயரைச் சொல்ல வராது. "மிஸ்டர் கே" என்பார்கள். அந்த மலர் வந்தால் நான் திரும்பவும் மாஸ்டர் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். வேறொன்றும் நான் இந்த நாட்டிடம் கேட்கவில்லை.

ஓவசியர் அந்தக் கிராமசபையில் ஒழுங்கைகளை அளந்து பராமரித்த உத்தியோகத்தர். இங்கே மோர்னிங்சைட்டில் மகளோடு ஒரு தொடர்மாடியில் ஒன்பதாம் மாடியில் இருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கலியாணக் கார்ட்டில்கூட அதை எழுதாமல் "ஓவசியர் குடும்பம்" என்றுதான் எழுதுவார்கள். உயரமான மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே அளவாக அடிவைத்து நடப்பார். குளிர்காலத்தில் கடைத்தொகுதிக்குள் வயதானவர்கள் சுற்றிச் சுற்றி நடப்பார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் நடந்தார். மற்றவர்கள் நீரிழிவு வருத்தத்துக்காக நடந்தார்கள். இவர் ஒருநாள் என்னிடம், "மாஸ்டர், உந்தக் கட்டடத்தின்ர கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிட ஏழு அடி கட்டை" என்றார். அவர் சொன்னால் ஏழு அடிதான்.

அவருடைய தொடர்மாடிக்கு முன்னால் பனியை வழிக்கிற வண்டி வந்து, வடிகால் வாய்க்கு மேலேயே பனியைக் குவித்துவிட்டுப் போகும். அது அவருக்குத் தாங்காது. மகளைக் கொண்டு நகரசபைக்கு ரெலிபோன் எடுப்பித்தார். ஆள் வரவில்லை. தானே மண்வெட்டியோடு இறங்கி அந்த வாயைத் திறந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது, மைனஸ் பதினெட்டு. "தண்ணி போற வழியை மூடுறவன் என்ன உத்தியோகம் பாக்கிறான்" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் எனக்குச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனிதனுக்கு இன்னும் உத்தியோகம் இருக்கிறது, எனக்கு இல்லை.

மலருக்கான முதல் கூட்டம் மார்க்கம் நகரில், சங்கத் தலைவருடைய வீட்டு நிலவறையில் நடந்தது. நாற்பது பேர் இருக்கும். நான் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். கிராமச் சங்கமாக இருந்தது எப்படிக் கிராமசபையானது, சட்டம் என்ன சொன்னது, தலைவர்களாக இருந்தவர்கள் யார் யார். ஒரு மாதம் லீவு நாள் முழுக்க இருந்து எழுதியது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பெண் கையை உயர்த்தி, "மாஸ்டர், குறுக்கே பேசிறன் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட ஒழுங்கை முடிவில ஒரு மாதாசொரூபம் இருந்தது. அது எங்கட பக்கமோ, மற்றப் பக்கமோ" என்றாள். நான் பேப்பரைப் புரட்டினேன். அந்த நேரத்துக்குள் நாற்பது தலையும் பின்வரிசைக்குத் திரும்பிவிட்டன.

ஓவசியர் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே கந்தோரால் வெளிக்கிட்டார்.

அன்று இரண்டு மணித்தியாலம் நடந்தார். சனம் பின்னால் போயிற்று. "எங்கட படலை வந்திட்டுது" என்று ஒருவர் சிரித்தார். அடுத்தவர் கண்ணைத் துடைத்தார். தலைவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தவள் தட்டோடு அப்படியே நின்றாள். மாதாசொரூபம் எந்தப் பக்கமும் இல்லை, நடு முடக்கில் இருந்தது என்று அவர் வந்து சேர்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். என் அத்தியாயம் கதிரையில் கிடந்தது. யாரோ அதன்மேல் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வட்டமாகக் கறை. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை.

அவரிடம் இன்னொரு குணம் இருந்தது. படலைக்கு அப்பால் போகமாட்டார். ஆறு வட்டாரத்து வீடுகளும் அவருக்குத் தெரியும், வீட்டுக்குள் நடந்தது ஒன்றும் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்லுவார். சங்கத் தலைவர் ஒருமுறை கதை பிடுங்கப் பார்த்தார். "அந்தச் சுருட்டு முதலாளி ஏன் அண்ணை ரெண்டாம் தாரம் முடிச்சவர்?" ஓவசியர் தலையைச் சொறிந்தார். "தகரப் படலை. இடப்பக்கம் ஒரு பூவரசு. படலையோட என்ர வேலை முடிஞ்சுது தம்பி" என்றார். அதனால்தான் சனம் அவரை நம்பியது. ஒருவருக்கும் அவரைப் பார்த்துப் பயமில்லை.

எனக்கு மட்டும் பயம் இருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கும்போது அரை முழம் ஒழுங்கைப் பக்கம் தள்ளி அடைப்பது ஒரு பழக்கம். என் அப்பா அதில் கெட்டிக்காரர். பத்து வருஷத்தில் எங்கள் ஒழுங்கையால் மாட்டுவண்டி போக முடியாமல் போயிற்று. ஓவசியர் சங்கிலியோடு வந்து அளந்து, நோட்டீஸ் கொடுத்தார். அப்பா படலையில் நின்று அவரைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவசியர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமை கிராமசபை ஆட்கள் வந்து வேலியைப் பிடுங்கி உரிய இடத்தில் போட்டார்கள்.

ரொறன்ரோவில் அவர் வாயால் நடக்கும்போதெல்லாம் எங்கள் ஒழுங்கை வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். "இது மாஸ்டர் வீடு. மரப் படலை, பச்சைப் பெயின்ற்" என்பார். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறையாவது அந்த வேலிக் கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரும் என்னைப்போல ஒரு ஆள்தான் என்று இருந்திருப்பேன்.

பிறகு 2009 வந்தது. அந்த மாசி பங்குனியிலிருந்தே மலர் வேலை நின்றுவிட்டது. வேலை முடிந்து நேரே நகரத்துக்குள் ரயில் எடுத்துப் போய் ஆர்ப்பாட்டத்தில் தெருவில் நிற்பதும், வீட்டுக்கு வந்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பதுமாக நாள் போனது. வன்னிக்குள் அகப்பட்டவர்களிடமிருந்து கதை இல்லை. வைகாசியில் போரோடு எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகுதான் தேடல் தொடங்கியது. முகாம்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை. பெயர்ப் பட்டியல்கள் கைக்குக் கை மாறின. ஒரே பெயரில் பத்துப் பேர், ஊர் பிழை, வயது பிழை.

அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள் தவமணி. எங்கள் ஐந்தாம் வட்டாரத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா தொண்ணூறில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து கடைசியில் வன்னிக்குப் போனவர். தையோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஒருநாள் பின்னேரம் அவள் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். முகாமில் ஊழியம் செய்கிற ஒரு கன்னியாஸ்திரி, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தகவல் அனுப்பியிருந்தார். தனியாக ஒரு வயதான அம்மா இருக்கிறார். தலையில் காயம். பெயரைக் கேட்டால் அழுகிறார். ஊர் எது என்று கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்: எங்கள் கிராமசபையின் பெயர், கந்தோரில இருந்து நாலாம் ஒழுங்கை, கிணத்தடிப் படலை.

"நாலாம் ஒழுங்கை எங்கடதுதானே மாஸ்டர்" என்றாள் தவமணி. "கிணத்தடிப் படலையும் எங்கடதுதான். வேற ஆருக்கும் அப்பிடி இருந்ததோ? நீங்கள்தானே எல்லாம் எழுதி வைச்சிருக்கிறியள்."

நீங்கள்தானே எல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாக இருந்தது. அம்மாவைத் தேடுகிற ஒரு பிள்ளை, ஓவசியரை விட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறாள். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது அவளுடைய அம்மா அல்ல.

என் கோப்பை எடுத்தேன். கந்தோர்த் திறப்புவிழாப் படம், அதற்குக் கீழே நானே கீறிய வரைபடம். கந்தோரிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாம் ஒழுங்கையில் கிணற்றடிப் பக்கம் ஒரே ஒரு படலை.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒருக்கா ஓவசியர் அண்ணையையும் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள்.

"ஏன், எனக்குத் தெரியாதோ" என்றேன்.

ரெலிபோனில், "அது உங்கட அம்மாதான் பிள்ளை. வேற ஆளில்லை" என்று சொன்னேன். மறுபக்கத்தில் அவள் விழுந்ததுபோல ஒரு சத்தம். பிறகு அவளுடைய புருஷன் ரெலிபோனை வாங்கி, "மாஸ்டர், மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. களஞ்சியத்தில் நிற்கும்போதும் ரெலிபோன் வந்தது. "மாஸ்டர், எங்கட மாமியைப் பற்றியும் ஒருக்காப் பாக்கேலுமோ?" தவமணி கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். அம்மாவுக்கு ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளின் சாமான்களை நிலவறைக்கு இறக்கினாள். நூல் சேலை நாலு வாங்கி, ஒருமுறை தோய்த்து, காயவைத்து மடித்து வைத்தாள். புதுச் சேலை அம்மாவுக்கு உடம்பில் கடிக்குமாம். முகாமுக்கு லைன் கிடைக்கவில்லை. கன்னியாஸ்திரி வெளியே வரும் நாளில் அழைப்பதாகச் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தவமணி வீட்டில் சாப்பாடு. நானும் மனைவியும் போயிருந்தோம். என்னை நடுவில் இருத்தி முதலில் எனக்குப் போட்டார்கள். அப்போது மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓவசியர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னார்கள். சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார்.

"பிள்ளை, நான் அந்த அம்மாவோட கதைச்சனான். ரெண்டு நாளா முயற்சி பண்ணி இண்டைக்கு விடியத்தான் லைன் கிடைச்சுது" என்றார். "எந்தக் கந்தோர் எண்டு கேட்டன். சந்தை மேல்மாடி எண்டு சொன்னவ."

ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கிராமசபைக் கந்தோர் முதலில் சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தது. புதுக் கந்தோரைக் கட்டியது பிறகு, ஒரு மைல் தள்ளி. இதை நானே இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு வரி. எழுதியவனுக்கே நினைவில்லை.

ஓவசியர் சொல்லிக்கொண்டு போனார். பழைய கந்தோரிலிருந்து எண்ணினால் நாலாம் ஒழுங்கை இரண்டாம் வட்டாரத்தில் வருகிறது. அங்கேயும் கிணற்றடியில் ஒரு படலை இருந்தது. அந்த வீட்டுக்காரர் காணி கிடைத்து, புதுக் கந்தோர் கட்டுவதற்கு முன்னமே கிளிநொச்சிப் பக்கம் குடிபோனவர்கள். அந்த அம்மாவுக்கு வேறு கந்தோர் தெரியாது. அவருடைய மகன் மோர்னிங்சைட்டில்தான் இருக்கிறான். ஓவசியர் அவனையும் கதைக்கவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். குரலைக் கேட்டதும் அந்த அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

தவமணி கையில் இருந்த கறிச்சட்டியை மேசையில் வைத்தாள், அடியில் துணி போட்டு, மெதுவாக. புருஷன்தான் என்னைப் பார்த்தான். "மாஸ்டர் ஓம் எண்டு சொன்னவர்தானே" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாஸ்டரில பிழையில்லை தம்பி" என்றார் ஓவசியர். "அவர் என்னைக் கேட்டுத்தான் சொன்னவர். நான்தான் புதுக் கந்தோரை நினைச்சுச் சொல்லிப்போட்டன். வயது போட்டுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். பத்துச் செக்கன் நேரம் இருந்தது. திறக்கவில்லை.

காரில் வரும்போது மனைவி, "நீங்கள் அவரைக் கேக்கவே இல்லையே" என்றாள். நான் றேடியோவைப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

ஓவசியருக்கு மறதி வந்துவிட்டது என்று கதை பரவ ஒரு கிழமை போதுமாக இருந்தது. அவருக்கு ரெலிபோன் எடுப்பது நின்றது. எனக்கு எடுத்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு கந்தோரையும் பார்த்து எண்ணிச் சொன்னேன், பிழை விடவில்லை. மலர் அடுத்த வருஷம் வெளிவந்தது. ஒழுங்கைகளைப் பற்றிய பகுதி நூற்றிருபது பக்கம், முழுக்க அவர் வாயால் நடந்தது. நன்றியுரையில் அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். "அந்த மனுசன்ர பெயரைக் கண்டா தகவலைச் சனம் நம்பாது மாஸ்டர்." நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுச் சரி என்றேன்.

வெளியீட்டு விழாவில் பின்வரிசையில் இருந்து ஒரு பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். விரலை வைத்து, கந்தோரிலிருந்து ஒவ்வொரு படலையாக. சனம் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏன் அண்ணை அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்" என்று கேட்டேன்.

"எப்பிடி?"

"நான் உங்களைக் கேட்டனான் எண்டு."

விரலை எடுக்காமல், "பிழை விட்ட ஆளின்ர புத்தகத்தை ஆர் வாங்குவினம்" என்றார். "எனக்கு எழுத வராது. அங்க ஒழுங்கையும் இல்லை. உதுக்குள்ள மட்டும்தானே இனி இருக்கப்போகுது. உம்மட பெயர் கெட்டா உதுவும் கெட்டுப்போகும்."

அவர் என்னைக் காப்பாற்றியதாக ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றியும் வெறுப்புமாக அதைச் சுமந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர் காப்பாற்றியது ஒழுங்கைகளை. அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒரு பொருளின்மேல் எனக்கு அப்படி ஒரு பிடிப்பு இருந்ததே இல்லை. எனக்கு என் பெயர் அட்டையில் வந்தால் போதும்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாசியில் அவர் போனார். பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் அஞ்சலி உரை நான்தான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று காரில் வரும்போது தீர்மானித்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் வட்டார எல்லைகளைப் பற்றிப் பேசினேன். நல்லாகப் பேசினேன் என்றார்கள். தவமணி வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அவரோடு ஒரு சொல் பேசியதில்லை. கடைக்கு அவர் வந்தால் உள்ளே போய்விடுவாள், வேறு பிள்ளை வந்து பரிமாறும். எனக்கு மட்டும், "வாங்கோ மாஸ்டர்" என்று அவளே வருவாள். இத்தனை வருஷமும் அதை வாங்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மா எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

செத்தவீடு முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, கடையில் ஆளில்லாத ஒரு பின்னேரம் பார்த்துப் போனேன். அவள் றோல்ஸைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தவமணி, அண்டைக்கு ஓவசியர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான் அவரைக் கேக்கவே இல்லை. பிழை முழுக்க என்ர" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் மாஸ்டர்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும். உங்களுக்கு எடுக்க முதல் நான் அவருக்குத்தான் எடுத்தனான். எந்தக் கந்தோர் எண்டு கேட்டறிஞ்சு சொல்லுறன், ரெண்டு நாள் பொறு பிள்ளை எண்டவர். எனக்குப் பொறுக்க ஏலாமக் கிடந்தது." பெட்டியை மூடினாள். "நீங்கள் எண்டா ஓம் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் பிள்ளை அந்த மனுசனோட கதைக்காம விட்டனீர்" என்று கேட்டேன். "அவர் சரியாத்தானே சொன்னவர்."

"சரியாத்தான் சொன்னவர்" என்றாள். "அந்த மூண்டு நாளும் எங்கட அம்மா உயிரோட இருந்தா மாஸ்டர். சீலை மடிச்சு வைச்சனான். நாலாம் நாள் அவர் வந்து கதவடியில நிண்டு இல்லை எண்டார். அவரில ஒரு பிழையும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் அந்த முகத்தைப் பாக்க என்னால ஏலேல்லை." பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "உங்களில எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த மூண்டு நாளையும் தந்தது நீங்கள்தானே."

அவள் அதை மனதோடுதான் சொன்னாள். ஓவசியரை விட்டுவிட்டு ஒரு ஆளாவது என்னைத் தேடி வரவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன். வந்தவள் இவள் ஒருத்திதான். உண்மையை அவரிடம் கேட்டுவிட்டு, பொய்க்கு என்னிடம் வந்தாள்.